ஒரே பட்டியல் கேட்ட வழக்கறிஞர்: பிஜியின் ஏ. டி. படேல்

வாக்காளர் பட்டியல் என்றால் நமக்கு ஊர், வார்டு, தெரு, கதவு எண் என்றுதான் நினைவுக்கு வரும். ஒரு தெருவில் குடியிருக்கும் வயது வந்தோர் எல்லோரும் ஒரே பட்டியலில் இருப்பார்கள். வேறு மாதிரியும் ஒரு பட்டியல் இருக்க முடியும் என்றே நமக்குத் தோன்றாது. ஆனால் இனம் பார்த்துப் பட்டியலைப் பிரித்த நாடுகள் உண்டு. பசிபிக் கடலில் உள்ள பிஜி அவற்றில் ஒன்று. ஒரு காலத்தில் அங்கே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்தாலும் இந்தியர் ஒரு பட்டியலில், பூர்வகுடி பிஜியர் இன்னொன்றில், ஐரோப்பியர் வேறொன்றில் இருந்தார்கள். இந்தியர் பட்டியலில் இருந்தவர் இந்திய வேட்பாளருக்கு மட்டும்தான் ஓட்டுப் போட முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தேர்தலில் நிற்கிறார், ஊருக்கு உழைப்பவர், நல்லவர் என்று உங்களுக்குத் தெரியும். அவர் வேறு இனத்தவர் என்றால் உங்கள் ஓட்டை அவருக்குப் போட வழியே இல்லை.

இதுதான் இனவாரிப் பட்டியல். எல்லோரும் ஒன்றாக இருப்பது பொதுப் பட்டியல். தேர்தல் அலுவலகத்துச் சமாச்சாரம் போலத் தோன்றும் இந்த வேறுபாடு, ஒரு நாட்டின் அரசியல்வாதிகள் யாரைப் பார்த்துப் பேசுவார்கள், யாரைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பார்கள் என்பதையே தீர்மானித்துவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பின்தொடர்வது நல்லது. அவர் பெயர் அம்பாலால் டாஹ்யாபாய் படேல். பிஜியில் ஏ. டி. படேல் என்றால்தான் தெரியும். 1905இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிறந்து, லண்டனில் பாரிஸ்டர் ஆகி, 1928இல் பிஜிக்கு வந்தவர். 1964இல் அந்தக் காலனி அரசில் மந்திரிக்கு நிகரான பொறுப்பை ஏற்றார். தன் அரசியல் வாழ்க்கையின் பெரும்பகுதியை அவர் இந்த ஒரே பட்டியலுக்காகச் செலவிட்டார்.

முதலில் அவர் வந்து இறங்கிய நாடு எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம்.

பிஜி 1874இல் பிரிட்டிஷ் காலனியானது. 1879 முதல் 1916 வரை 60,000க்கும் அதிகமான இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் கொண்டுபோனார்கள். முதலில் கல்கத்தா வழியாக, வட இந்தியர்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகவும் ஆட்கள் போனார்கள். தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசியவர்கள் அப்படித்தான் அங்கே சேர்ந்தார்கள். வேலை கரும்புக் காட்டில். சர்க்கரை ஆலைகளோ சிட்னியைத் தலைமையிடமாகக் கொண்ட காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனியின் கையில். பிஜியில் அதைச் சுருக்கமாக சி.எஸ்.ஆர். என்பார்கள். ஒப்பந்த முறை 1920 தொடக்கத்தில் முடிவுக்கு வந்த பிறகு, பெரும்பாலோர் குத்தகை நிலத்தில் கரும்பு போடும் சிறு விவசாயிகளாக மாறினார்கள்.

குத்தகை நிலம் என்பதைக் கவனியுங்கள். நாட்டின் நிலத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் பூர்வகுடி மக்களின் குலங்களுக்குச் சொந்தம். அதை விற்கக் கூடாது என்பது காலனி அரசின் கொள்கை. ஆக, பூர்வகுடி பிஜியரிடம் நிலம் இருந்தது, ஆனால் ஓட்டு இல்லை. அவர்கள் சார்பில் பேச, தலைவர்களின் பேரவை பரிந்துரைத்த பெயர்களிலிருந்து ஆளுநர் ஆள் எடுத்தார். இந்தியரிடம் உழைப்பு இருந்தது, சொந்த நிலம் இல்லை. மிகச் சிறிய கூட்டமான ஐரோப்பியரிடம் முதலும் சட்டசபை இடங்களும் இருந்தன. ஒருவரிடம் இருந்தது மற்றவரிடம் இல்லாததால், ஒவ்வொரு கூட்டமும் மற்றதைப் பார்த்து அஞ்சியது. இனவாரிப் பட்டியல் இந்த அச்சத்தின் மேல்தான் கட்டப்பட்டது.

இந்தியருக்கு 1929இல் முதன்முறையாக ஓட்டுரிமை கிடைத்தது. சட்டசபையில் ஐரோப்பியருக்கு 6 இடம், இந்தியருக்கு 3 இடம், பூர்வகுடியினருக்கு நியமன முறையில் 3 இடம். தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று இந்தியர்களில் ஒருவரான விஷ்ணு தேவ், போன கையோடு பொதுப் பட்டியல் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அது தோற்றது. மூவரும் வெளிநடப்புச் செய்துவிட்டார்கள். படேல் பிஜிக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதாவது, இந்தக் கோரிக்கையைக் கண்டுபிடித்தவர் அவரல்ல. ஆனால் மற்றவர்கள் காலப்போக்கில் சளைத்துப்போனபோதும் அவர் விடாமல் பிடித்துக்கொண்டார்.

புலம்பெயர்ந்த வழக்கறிஞர்கள் இந்த மாதிரிக் காலனிகளில் ஏன் தலைவர்களானார்கள் என்பதற்குக் காரணம் எளியது. கரும்பு ஒப்பந்தமும் குத்தகைப் பத்திரமும் ஆங்கிலத்தில். கம்பெனியின் பக்கம் வக்கீல்கள் உண்டு, விவசாயியின் பக்கம் கைநாட்டு. படேலுக்கு முன்பே மணிலால் டாக்டர் என்ற வழக்கறிஞர் 1912இல் பிஜிக்கு வந்து கூலிகளுக்காக வாதாடினார். 1920இல் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு காலனி அரசு அவரை நாட்டைவிட்டே வெளியேற்றியது. அந்த இடைவெளியைத்தான் எஸ். பி. படேல், ஏ. டி. படேல் போன்றவர்கள் வந்து நிரப்பினார்கள்.

ஆனால் அவரைத் தம் மக்களே உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1937 தேர்தலில் படேல் நின்றபோது, பிஜியில் பிறந்தவரா, இந்தியாவில் பிறந்தவரா என்பதே பேச்சாகிவிட்டது. பிஜியில் பிறந்த சத்தூர் சிங்கிடம் அவர் தோற்றார். இனவாரிப் பட்டியலின் ஒரு குணம் இதில் தெரிகிறது. போட்டி முழுவதும் ஒரே இனத்துக்குள் நடக்கும்போது, வேறுபாடு காட்ட உள்ளுக்குள்ளேயே பிரிவு தேடுவார்கள். வடக்கு, தெற்கு, குஜராத்தி, இந்து, முஸ்லிம், அங்கே பிறந்தவர், இங்கிருந்து வந்தவர் என்று அது போய்க்கொண்டே இருக்கும். இனத்தைக் காக்கிறேன் என்று சொல்லும் முறை அந்த இனத்தையும் ஒன்றாக வைத்திருக்கவில்லை.

இங்கே தமிழர்களோடு ஒரு நேரடித் தொடர்பு வருகிறது. சாது குப்புசாமி 1926இல் நாந்தி நகரில் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம், பள்ளிக்கூடம் நடத்தவும் தமிழ், தெலுங்கு கற்பிக்கவும் பாடுபட்டுவந்தது. சங்கத்தின் அழைப்பில் ராமகிருஷ்ண மிஷன் துறவிகள் பிஜிக்கு வந்தார்கள். அவர்களில் சுவாமி ருத்ரானந்தா 1939இல் வந்தார். குஜராத்தியான படேலும் இந்தத் துறவியும் வாழ்நாள் தோழர்களானார்கள். வட இந்தியர் செல்வாக்கு மிகுந்த ஒரு சமூகத்தில், தென்னிந்திய விவசாயிகள்தான் படேலின் உறுதியான பலம். 1949இல் நாந்தியில் தொடங்கிய ஸ்ரீ விவேகானந்தா உயர்நிலைப் பள்ளியும் இந்தக் கூட்டுறவில் விளைந்ததே.

இருவரும் 1941இல் மகா சங்கம் என்ற கரும்பு விவசாயிகள் அமைப்பை உருவாக்கினார்கள். அதற்கு முன்பே கிசான் சங்கம் என்ற அமைப்பு இருந்தது. ஆக, விவசாயிகள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். 1943இல், போர்க் காலத்தில், கரும்புக்கு விலை உயர்த்தக் கேட்டு, கரும்பு வெட்டுவதை நிறுத்தினார்கள். அரசு படேலையும் ருத்ரானந்தாவையும் அவரவர் வீட்டைச் சுற்றிய எல்லையைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. 1944 தொடக்கத்தில் போராட்டம் பெரிதாக எதுவும் கிடைக்காமல் முடிந்தது. ஆனால் விவசாயிகள் அதே ஆண்டு நடந்த தேர்தலில் படேலைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள்.

இந்தப் போராட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் கதை புரியாது. அந்த ஆண்டுகளில் பூர்வகுடி இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ராணுவத்தில் சேர்ந்து, சாலமன் தீவுகளில் ஜப்பானியரோடு போரிட்டார்கள். இந்தியர்களோ ஐரோப்பியருக்குத் தரும் சம்பளத்தையே தங்களுக்கும் தர வேண்டும் என்று கேட்டு, அது மறுக்கப்பட்டதால், பெரும்பாலும் சேரவில்லை. அதே வேளையில் கரும்பு வெட்டையும் நிறுத்தினார்கள். சம உரிமை என்ற நியாயம் இந்தியரிடம் இருந்தது. இவர்கள் நாட்டுக்காக நிற்காதவர்கள் என்ற கசப்பு பூர்வகுடி மக்களிடம் தங்கிவிட்டது. பிற்காலத்தில் படேல் பொதுப் பட்டியல் என்று சொன்னபோதெல்லாம் இந்தக் கசப்பும் கூடவே எழுந்து வந்தது.

அப்புறம் 1946 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. இந்தியர் 1,20,414. பூர்வகுடி பிஜியர் 1,18,070. முதன்முறையாக இந்தியர் எண்ணிக்கையில் முந்தினார்கள். அந்த ஆண்டே ஐரோப்பிய உறுப்பினர் ஒருவர், பிஜி பிஜியருக்கே என்பதைக் காக்க வேண்டும் என்ற பொருளில் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். படேல் அதற்கு எதிராகப் பேசினார். தம் மக்கள் கரும்புக் காட்டுக்கு வந்ததால்தான் பூர்வகுடி மக்கள் தோட்டக் கூலிகளாக்கப்படாமல், தம் கிராமத்தையும் நிலத்தையும் வாழ்க்கை முறையையும் காத்துக்கொள்ள முடிந்தது என்பது அவருடைய வாதம். வரலாற்றைப் பார்த்தால் அதில் பெரும் உண்மை இருக்கிறது. ஆனால் அதை யாரிடம் சொல்ல வேண்டியிருந்ததோ, அவர்களிடம் ஓட்டுக் கேட்கும் உரிமை அவருக்கு இல்லை.

இனவாரிப் பட்டியலின் கேடு முழுதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. படேல் எல்லா இனத்துக்கும் பொதுவான நாட்டை விரும்பியவர். ஆனால் அவரைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள் இந்தியர் மட்டுமே. ஒரு பூர்வகுடி கிராமத்துக்குப் போய் அவர் எவ்வளவு நல்ல யோசனை சொன்னாலும், அங்கே ஒரு ஓட்டும் விழாது. அதேபோல் பூர்வகுடி தலைவர் ஒருவர் இந்திய விவசாயியின் குத்தகைக் கவலையைக் காது கொடுத்துக் கேட்டால், அவருக்கும் அதனால் லாபம் இல்லை. தம் இனத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்ற பழிதான் மிஞ்சும். ஆள் நல்லவரா கெட்டவரா என்பதைத் தாண்டி, முறையே எல்லோரையும் தம் இனத்துக்குள் இழுத்துக்கொண்டிருந்தது.

1950, 1953 தேர்தல்களில் படேல் தோற்றார். 1960இல் மீண்டும் கரும்பு விலைப் போராட்டம், மீண்டும் அவர் முன்னணியில். 1963 தேர்தலில் வென்று திரும்பினார். அந்தத் தேர்தலில்தான் பூர்வகுடி மக்களும் எல்லா இனப் பெண்களும் முதன்முறையாக ஓட்டுப் போட்டார்கள். படேலைச் சுற்றித் திரண்டவர்கள் ஃபெடரேஷன் கட்சியாக உருவெடுத்தார்கள். பிஜியின் முதல் அரசியல் கட்சிகளில் ஒன்று அது.

மறு ஆண்டு மந்திரிப் பொறுப்பு வந்தது. காலனியில் ஏது மந்திரி என்று கேட்கலாம். ஆட்சி ஆளுநர் கையில்தான் இருந்தது. ஆனால் சுதந்திரத்துக்குத் தயார்ப்படுத்தும் படியாக, சட்டசபை உறுப்பினர்கள் சிலரிடம் துறைகளை ஒப்படைத்தார்கள். உறுப்பினர் முறை என்பார்கள் இதை. 1964இல் பூர்வகுடித் தலைவர் ரத்து காமிசேசே மாரா (ரத்து என்பது அங்கே குலத் தலைவர்களின் பட்டம்) இயற்கை வளத் துறைக்கு, ஐரோப்பியரான ஜான் ஃபால்வி தகவல் தொடர்புக்கும் பொதுப்பணிகளுக்கும், ஏ. டி. படேல் சமூக சேவைகளுக்கு. மூவரும் மூன்று இனம். இனவாரி நோக்கு அமைச்சரவைக்குள்ளும் எப்படிக் கணக்குப் போட்டு உட்கார்ந்திருந்தது பாருங்கள்.

1965இல் லண்டனில் அரசியலமைப்பு மாநாடு நடந்தது. படேல் பொதுப் பட்டியல் கேட்டார். பூர்வகுடித் தலைவர்களும் ஐரோப்பியரும் மறுத்தார்கள். பிரிட்டிஷ் அரசு இடையில் ஒன்றைக் கண்டுபிடித்தது. பெரும்பாலான இடங்கள் பழையபடி இனவாரியாக இருக்கும். 9 இடங்களில் மட்டும் எல்லா இனத்தவரும் சேர்ந்து ஓட்டுப் போடலாம். ஆனால் அந்த 9 இடங்களிலும் வேட்பாளர் எந்த இனம் என்பது முன்பே தீர்மானம்: இனத்துக்கு மூன்று.

நம் ஊர்த் தனித்தொகுதி தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டாவது வகை உடனே புரியும். தனித்தொகுதியில் வேட்பாளர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், ஆனால் தொகுதியில் உள்ள எல்லோரும் அவருக்கு ஓட்டுப் போடுவார்கள். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் முடிவானது இந்த ஏற்பாடுதான். அதற்கு முன் பிரிட்டிஷ் அரசு அறிவித்திருந்த தனி வாக்காளர் தொகுதியில் அந்த மக்கள் மட்டுமே தனியாக ஓட்டுப் போட்டிருப்பார்கள். இட ஒதுக்கீடு வேறு, ஓட்டையே பிரிப்பது வேறு. பிஜி விவாதத்தில் இவை இரண்டையும் குழப்பிக்கொண்டால் எதுவும் விளங்காது. படேல் எதிர்த்தது ஓட்டைப் பிரிப்பதை.

சரி, பொதுப் பட்டியல் என்றால் எப்போதும் நல்லது, இனவாரிப் பட்டியல் என்றால் எப்போதும் கெட்டது என்று சொல்லிவிடலாமா? அவ்வளவு சுலபமில்லை. இலங்கையில், பிரிட்டிஷ் அரசு அனுப்பிய டொனமூர் குழுவின் யோசனைப்படி 1931இல் இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்தபோது, அதை எண்ணிக் கவலைப்பட்டவர்கள் தமிழர்கள். எண்ணிக்கையில் சிறியவர்களுக்குப் பொதுப் பட்டியல் பாதுகாப்பு தராது என்று அவர்கள் அஞ்சினார்கள். பிஜியில் பொதுப் பட்டியல் கேட்ட இந்தியர்கள் எண்ணிக்கையில் பெரியவர்கள். 1966 கணக்கெடுப்பில் அவர்கள் பாதிக்குச் சற்று மேல். அப்போது ஒரு பூர்வகுடி பிஜியருக்கு இந்தக் கோரிக்கை எப்படிக் கேட்டிருக்கும்? நாளைக்கே இந்தியர் ஆட்சி, மறுநாள் நம் நிலத்தின் மேல் சட்டம் என்றுதான். படேல் நிலத்தைத் தொடுவதாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த அச்சம் பொய்யான அச்சமல்ல. சொந்த நாட்டில் சிறுபான்மையாகிவிட்ட ஒரு மக்களின் அச்சம். நிலத்துக்கு மாற்ற முடியாத அரசியலமைப்புக் காவல் ஒன்றை முன்வைத்து, அதோடு பொதுப் பட்டியலையும் இணைத்து அவர் அந்த மக்களிடம் முதலிலேயே பேசியிருந்தால் வழி திறந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருடைய பேச்சில் நீதியின் தருக்கம் பலமாக இருந்தது. எதிரில் இருந்தவர்களின் பயத்துக்கான பதில் அந்த அளவுக்குப் பலமாக இல்லை.

1966 தேர்தல் முடிவே இந்த நிலையைக் காட்டுகிறது. ஃபெடரேஷன் கட்சி இந்தியருக்கான இனவாரி இடங்கள் 9ஐயும் வென்றது. வேறு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. ரத்து மாராவின் அலையன்ஸ் கட்சி ஆட்சியைப் பிடித்தது. 1967 செப்டம்பரில், மாரா முதலமைச்சரான நாளில், புது அரசியலமைப்பு மாநாடு வேண்டும் என்று படேல் கொண்டுவந்த தீர்மானத்தின் மேல் சண்டை மூண்டது. ஃபெடரேஷன் உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். கூட்டங்களுக்குத் தொடர்ந்து வராததால் ஒன்பது பேரும் பதவி இழந்தார்கள். 1968 இடைத்தேர்தலில் ஒன்பது பேரும் முன்பைவிட அதிக வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

வெற்றி பெரிது, விளைவு மோசம். இந்தியர் ஒட்டுமொத்தமாக ஒரு பக்கம் என்று பூர்வகுடி மக்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்தியத் தலைவர்களை நாடு கடத்து என்ற கோஷத்தோடு கூட்டங்கள் நடந்தன. அதே 1968இல் அபிசாய் தோரா முதலிய பூர்வகுடி அரசியல்வாதிகளின் சிறு கட்சியோடு இணைந்து, படேலின் கட்சி தேசிய ஃபெடரேஷன் கட்சி ஆனது. இனத்தைத் தாண்டிக் கால் வைக்க அவர் செய்த முயற்சி அது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே தோரா இந்தியருக்கு எதிரான இயக்கத்தின் முன்னணியில் நின்றார் என்பது வருத்தமான விஷயம்.

வழக்கறிஞர் படேலின் கடைசி வழக்கு கரும்பைப் பற்றியது. புதிய ஒப்பந்தத்துக்கான நடுவராக 1969இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நீதிபதி டென்னிங் பிரபு பிஜிக்கு வந்தார். விவசாயிகள் தரப்பில் படேல் வாதாடினார். அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி இறந்துபோனார். தீர்ப்பு 1970 ஜனவரியில் வந்தது: சர்க்கரை வருமானத்தில் விவசாயிக்கு 65 பங்கு, ஆலைக்கு 35 பங்கு, அதோடு கரும்புக்குக் குறைந்தபட்ச விலை உத்தரவாதம். இந்த நிபந்தனையில் தொழில் நடத்த முடியாது என்று சி.எஸ்.ஆர். 1973இல் பிஜியைவிட்டே போய்விட்டது. கரும்புக் காட்டில் அவர் ஜெயித்த அளவுக்கு அரசியலில் ஜெயிக்கவில்லை என்று சொன்னால் மிகையில்லை.

அவருக்குப் பின் தலைமையேற்ற சித்திக் கோயா, மாராவோடு சமரசத்துக்கு வந்தார். பிஜி 1970 அக்டோபர் 10ஆம் தேதி சுதந்திரம் பெற்றது. கீழவையில் 52 இடங்கள்: பூர்வகுடியினருக்கு 22, இந்தியருக்கு 22, மற்றவர்களுக்கு 8. இவற்றில் சில இனவாரிப் பட்டியலில், சில எல்லோரும் ஓட்டுப் போடும் முறையில். பொதுப் பட்டியல் பற்றிப் பிறகு ஆராயலாம் என்று தள்ளி வைத்தார்கள். 1975இல் ஆராய்ந்த குழு மாற்றங்களை யோசனையாகச் சொன்னது, அரசு ஏற்கவில்லை.

1987இல், இந்தியர் ஆதரவு பெற்ற கூட்டணி தேர்தலில் வென்ற சில வாரங்களிலேயே, ராணுவ அதிகாரி சிதிவேனி ரபுகா ஆட்சியைக் கவிழ்த்தார். 1990 அரசியலமைப்பு எல்லா இடங்களையும் இனவாரியாக்கி, பூர்வகுடியினருக்கு 37, இந்தியருக்கு 27 என்று வைத்தது. 1997இல் கொஞ்சம் தளர்ந்தது: 71இல் 25 இடங்கள் எல்லோருக்கும் திறந்தவை. 2000இல் மறுபடி ஆட்சிக் கவிழ்ப்பு. 2006இல் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் இந்தியர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் கிளம்பிப் போனார்கள். 2007 கணக்கெடுப்பில் பூர்வகுடியினர் சுமார் 57 சதவீதம், இந்தியர் சுமார் 37 சதவீதம்.

பொதுப் பட்டியல் அதற்குப் பிறகுதான் வந்தது. பிராங்க் பைனிமராமாவின் ராணுவ அரசு கொண்டுவந்த 2013 அரசியலமைப்பு, இனவாரி இடங்களை முற்றாக நீக்கியது. குடிமக்கள் எல்லோரும் பிஜியர் என்றது. நாடு முழுவதும் ஒரே தொகுதி, 50 இடங்கள், கட்சிகள் வாங்கும் ஓட்டு விகிதப்படி உறுப்பினர்கள். 2014 செப்டம்பரில் அந்த முறைப்படி முதல் தேர்தல் நடந்தது. படேல் லண்டனில் கேட்டு 49 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் விரும்பியது இனங்கள் பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடு. வந்ததோ, மேலிருந்து இறக்கிய ஏற்பாடு. அதுவும் இந்தியர் எண்ணிக்கை குறைந்து, பழைய அச்சத்துக்குக் காரணம் மறைந்த பிறகு.

2022 தேர்தலில் ரபுகா பிரதமரானார். 1987இல் ஆட்சியைக் கவிழ்த்த அதே ரபுகா. அவருடைய கூட்டணியில் படேல் தொடங்கிய தேசிய ஃபெடரேஷன் கட்சியும் 5 உறுப்பினர்களோடு சேர்ந்தது. அதன் தலைவர் பிமன் பிரசாத் துணைப் பிரதமராகவும் நிதியமைச்சராகவும் பொறுப்பேற்றார்.